தாய்க்கு அரை மணி நேரம் கொடுங்கள்!

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் குழந்தையைப் பற்றியே விசாரிக்கிறார்கள்.

"பால் குடித்ததா? நன்றாகத் தூங்குகிறதா? எடை கூடியதா?"

தாயைப் பற்றி யாரும் விசாரிப்பது இல்லை. அவள் பல் விளக்கினாளா? தலை சீவினாளா? சுடுசோறு சாப்பிட்டாளா? கேட்பார் இல்லை.

யாராவது கேட்டால், "கைக்குழந்தைக்காரிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று அவளே சிரித்துக் கொண்டு சொல்லுவாள். கேட்டவர்களும் சிரிப்பார்கள். "தாய் என்றால் தியாகம் அல்லவா!" என்று பாராட்டுவார்கள்.

பாராட்டுவதற்குக் காசு செலவு இல்லை. அதனால் பாராட்டு தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால், குழந்தையை அரை மணி நேரம் வாங்கி வைத்துக் கொள்ள ஆள் கிடைப்பது இல்லை!

தாய்க்கு வேண்டியது அந்த அரை மணி நேரம்தான். அதைக் கொடுப்பது தயவு அல்ல. அது குடும்பத்தின் கடமை.

கணக்குப் போடுங்கள்

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு 20 நிமிடம் அல்லது 30 நிமிடம் ஆகும்.

குறைத்துக் கணக்குப் போட்டால் 2 மணி 40 நிமிடம். கூட்டிக் கணக்குப் போட்டால் 6 மணி நேரம்!

இது பால் கொடுக்கும் நேரம் மட்டுமே. ஏப்பம் வர முதுகைத் தட்டுவது, ஈரத் துணி மாற்றுவது, துணி அலசிப் போடுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் தனி.

குழந்தை பிறந்ததற்காக ஒரு நாளைக்கு 30 மணி நேரம் ஆகிவிடவில்லை. அதே 24 மணி நேரம்தான். அப்படி என்றால் இந்த நேரம் எங்கே இருந்து வருகிறது?

சமையலில் இருந்து வருவது இல்லை. சமைக்காவிட்டால் வீட்டில் கேள்வி வரும். பாத்திரம் துலக்குவதில் இருந்தும் வருவது இல்லை. பாத்திரம் குவிந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரியும்.

தாயின் குளியலில் இருந்து வருகிறது. அவள் சாப்பாட்டில் இருந்து வருகிறது. அவள் தூக்கத்தில் இருந்து வருகிறது. அதைக் குறைத்தால் யாரும் கேள்வி கேட்பது இல்லை. கேள்வி இல்லாத இடத்தில்தான் கை வைக்க முடியும்!

நாற்பது நாளும் நாற்பத்தோராம் நாளும்

நம் ஊரில் பிள்ளை பெற்றவளைக் கவனிக்கும் முறை ஒன்று உண்டு. அவள் தாய் வீட்டில் இருப்பாள். வெந்நீர் வைத்து, வேது பிடித்து, உடம்பு பிடித்து விட ஒருத்தி இருப்பாள். பூண்டு வதக்கிப் போட்டுப் பத்தியச் சோறு வைப்பார்கள். பால் சுறாவைப் புட்டு செய்து கொடுப்பார்கள். லேகியம் உருட்டிக் கொடுப்பார்கள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டவும் கிழவி வருவாள்.

இதில் விட்டுவிட வேண்டிய பழக்கமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். ஆனால், இந்த முறையில் ஒரு பெரிய அறிவு இருந்தது. "பிள்ளை பெற்றவளும் கவனிக்கப்பட வேண்டியவள்" என்பதே அந்த அறிவு.

நாற்பது நாள் முடிகிறது. அல்லது மூன்று மாதம், ஐந்து மாதம் முடிகிறது. அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அன்றோடு எல்லாம் நின்றுவிடுகிறது! முதல் நாள் வரை அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். மறு நாள் முதல் அவள் எல்லாருக்கும் வெந்நீர் வைக்க வேண்டும்.

நகரத்திலே தனிக்குடித்தனம் இருக்கும் பெண்ணுக்கு அந்த நாற்பது நாளும் ஒழுங்காகக் கிடைப்பது இல்லை. தாயார் வந்து பதினைந்து நாள் இருந்து விட்டுப் போவாள். பிறகு நான்கு சுவர். ஒரு தொட்டில். அவள்.

ஆபரேஷன் ஆனவள்

தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100-க்கு 45 ஆபரேஷன் மூலம் நடந்ததாகத் தெரிய வந்தது.

வயிற்றில் வேறு எந்த ஆபரேஷன் ஆனாலும் என்ன செய்கிறோம்? "எழுந்திருக்காதே, படுத்துக் கொள்" என்கிறோம். ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொண்டு போய்ப் பார்க்கிறோம். ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுக்கிறோம்.

வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்த தாய்க்கும் அதே போன்ற தையல்தான். அவளுக்கு ஓய்வு கிடைக்கிறதா? இரவெல்லாம் கண் விழிக்கும் வேலையை அல்லவா கையில் கொடுக்கிறோம்!

சாப்பாடு

தாய்ப்பால் வானத்தில் இருந்து வருவது இல்லை. தாயின் இரத்தத்தில் இருந்து வருகிறது. அவள் சாப்பிட்டால்தான் அவள் உடம்பு தேறும்.

இந்தியச் சத்துணவு நிபுணர்கள் 2020-ல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 600 கலோரி வேண்டும் என்றார்கள். இது ஏறக்குறைய இன்னும் ஒரு வேளைச் சாப்பாடு!

நடப்பது என்ன? எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் உட்காருகிறாள். நாலு கவளம் எடுக்கும்போது குழந்தை அழுகிறது. கை கழுவிக் கொண்டு எழுகிறாள். திரும்பி வரும்போது சோறு ஆறிப் போகிறது. குழம்பில் காய் இருப்பது இல்லை.

இரத்தத்தின் கதை இதைவிட மோசம். அதே தேசியக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை. பிரசவத்தில் இரத்தம் போன பிறகு கேட்க வேண்டுமா?

இதற்காகத்தான் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. குழந்தை பிறந்த அன்றே மாத்திரையை மறந்துவிடுகிற வீடுகள் எத்தனை! "மாத்திரை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தானே? பிள்ளைதான் பிறந்துவிட்டதே!" என்று நினைக்கிறார்கள். அது தவறு. அந்த மாத்திரை தாய்க்கு.

இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிடக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்தும் விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் இரண்டு வேளை வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாட்டு அரசு மகப்பேறு உதவி கொடுக்கிறது. 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய உதவி, 2018-ல் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் ஆயிற்று. சத்துப் பெட்டகத்தில் நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச் சத்து டானிக் எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள்.

பெட்டகம் வீட்டுக்கு வருகிறது. நெய் எல்லாருடைய தோசைக்கும் போகிறது. பேரீச்சம்பழத்தை விருந்துக்கு வந்த பிள்ளைகள் தின்கிறார்கள். தாய் டப்பாவைக் கழுவி அதில் மிளகாய்த்தூள் கொட்டி வைக்கிறாள்! அவள் பெயருக்கு வந்ததை அவள்தான் சாப்பிட வேண்டும். இதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். மாமியார் சொல்ல வேண்டும். புருஷன் சொல்ல வேண்டும்.

தண்ணீர்

சில வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுப்பது இல்லை. "தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் ஆறாது" என்கிறார்கள்.

விட்டுவிட வேண்டிய பழக்கம் இதுதான்.

பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களுக்கு இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். உடம்பில் தண்ணீர் வற்றினால் ஆபத்து கூடுகிறது. காலிலோ, மூளையிலோ இரத்தக் கட்டி அடைத்துக் கொள்ளலாம். மலச்சிக்கலும் மூலமும் வருவதற்கும் தண்ணீர்க் குறைவு ஒரு காரணம்.

தாய்க்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர் கொடுங்கள். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும்.

குளியலும் சீப்பும்

குழந்தை பிறக்கும் முன்பு அவள் எப்படி இருந்தாள்? காலையில் எழுந்து குளித்தாள். தலை பின்னிப் பூ வைத்தாள். பொட்டு வைத்தாள். மாலையில் முகம் கழுவி, சேலை மாற்றினாள்.

பிறந்த பிறகு? பகல் பன்னிரண்டு மணிக்குக் குளியல். கதவைத் திறந்து வைத்துக் கொண்டு, காதைத் தொட்டிலில் வைத்துக் கொண்டு, நாலு சொம்பு ஊற்றிக் கொண்டு ஓடி வருகிறாள். முடியை அள்ளிக் கொண்டை போடுகிறாள். பால் நாற்றம் அடிக்கும் சேலையோடு நாள் முழுவதும் இருக்கிறாள்.

"அழகு காட்டவா போகிறாள்?" என்று கேட்பவர்கள் உண்டு.

குளியல் அழகுக்காக அல்ல. தையல் போட்ட இடம் சுத்தமாக இருக்க வேண்டும். மார்பு சுத்தமாக இருக்க வேண்டும். உதிரப்போக்குக்கு வைக்கும் துணியைச் சில மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். புண்ணில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல் வரும்.

இன்னொன்றும் உண்டு. தலைவாரி, சுத்தமான சேலை கட்டி நிற்கும்போது மனிதருக்குத் தன் மேலேயே ஒரு மதிப்பு வருகிறது. தாய்க்கு மட்டும் அந்த மதிப்பு வேண்டாமா?

முடி ஏன் கொட்டுகிறது?

"குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள்.

பாட்டி கண்ட காட்சி உண்மைதான். காரணம் மட்டும் வேறு.

சாதாரணமாக ஒருவருக்குத் தினம் 50 முதல் 100 முடி உதிரும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஊறும் சுரப்பு நீர்கள் முடியை உதிர விடாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் அப்போது கூந்தல் அடர்த்தியாகத் தெரியும். பிரசவம் ஆனதும் அந்தச் சுரப்பு குறைகிறது. பிடித்து வைத்த முடி எல்லாம் இரண்டு முதல் நாலு மாதத்துக்குள் சேர்ந்தாற்போல் உதிருகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்! பழி குழந்தையின் சிரிப்பு மேல் விழுந்துவிட்டது.

பயப்பட வேண்டியது இல்லை. பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள் முடி பழையபடி வளர்ந்துவிடும். அதற்குள் பயந்து போய் விலை உயர்ந்த எண்ணெய்க்கும் சீயக்காய்த் தூளுக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஓர் ஆண்டுக்குப் பிறகும் நிற்காவிட்டால் இரத்த சோகையோ, தைராய்டு கோளாறோ இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"பிள்ளைக்கு ஒரு பல்" என்பதும் இதே போலத்தான். குழந்தை தாயின் பல்லில் இருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பது இல்லை. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி இரத்தம் வரும். வாந்தியின் புளிப்பு பல்லை அரிக்கும். பிறகு குழந்தை வந்ததும் இரவில் பல் விளக்க நேரம் இருக்காது. பல் போவதற்குக் காரணம் இவைதான். இரண்டு நிமிடம் பல் விளக்கினால் பல்லைக் காப்பாற்றலாம்.

வெளியே சொல்லாத தொல்லை

இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. இந்தத் தொல்லை பிள்ளை பெற்ற பல பெண்களுக்கு உண்டு. புருஷனிடம்கூடச் சொல்லுவது இல்லை. கலியாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக் கொள்ளுகிறார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரசவத்தில் இடுப்பின் அடித்தசை தளர்ந்து போவதால் வருகிற கோளாறு இது.

அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-ல் இதற்கு ஓர் உடற்பயிற்சியை எழுதினார். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதே தசையைச் சும்மா இருக்கும்போது இறுக்கி, சில நொடி பிடித்து, தளர்த்த வேண்டும். பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று முறை. உட்கார்ந்து கொண்டே செய்யலாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே செய்யலாம். காசு செலவு இல்லை. தொடர்ந்து மூன்று மாதமாவது செய்ய வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அழுகை

பிரசவம் ஆன சில நாளில் தாய் காரணம் இல்லாமல் அழுவாள். இது பல பேருக்கு வரும். பத்து, பதினைந்து நாளில் தானே போய்விடும்.

பதினைந்து நாளுக்குப் பிறகும் போகாவிட்டால்? குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால்? குழந்தையைத் தொடப் பிடிக்காவிட்டால்? "நான் எதற்கு இருக்கிறேன்?" என்று சொல்ல ஆரம்பித்தால்?

அது திமிர் அல்ல. பேய் பிடித்தது அல்ல. நோய். மருந்து உண்டு; குணம் ஆகும்.

வெளிநாட்டில் 1987-ல் இதற்காகவே பத்துக் கேள்விகள் தயாரித்தார்கள். அந்தப் பத்துக் கேள்விகளையும் இன்று உலகம் எங்கும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 2022-ல் மனநல உதவிக்கு 14416 என்ற இலவச போன் தொடங்கினார்கள். அதில் தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

"அந்தக் காலத்தில்..."

இவ்வளவும் சொன்னால் ஒரு பதில் வரும். "அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றார்கள். யார் இதையெல்லாம் பார்த்தார்கள்?"

உண்மை. பெற்றார்கள். ஆனால் அந்த வீட்டில் மாமியார் இருந்தாள். நாத்தனார் இருந்தாள். ஓரகத்தி இருந்தாள். ஒருத்தி குளிக்கப் போனால் இன்னொருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டாள். தாய்க்கு அந்த அரை மணி நேரம் கேட்காமலே கிடைத்தது.

இன்னொன்றும் உண்மை. பத்துப் பெற்றவர்களில் எத்தனையோ பேர் நாற்பது வயதில் கிழவி ஆனார்கள். எத்தனையோ பேர் பிரசவத்திலேயே செத்தார்கள். பிழைத்தவர்கள்தான் கதை சொல்ல இருக்கிறார்கள். செத்தவர்கள் வந்து சொல்லுவது இல்லை!

கணவன் எங்கே?

2024-ல் மத்திய அரசு, மக்கள் பொழுதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறாள். ஆண் 88 நிமிடம்.

அந்த 88 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு. ஒரு வேலையும் செய்யாத ஆண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை!

"நான் பால் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிற கணவன் உண்டு. முடியாது. ஆனால், பால் குடித்த பிறகு குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்ட முடியும். ஈரத் துணி மாற்ற முடியும். தொட்டில் ஆட்ட முடியும். இதற்கெல்லாம் பெண்ணாகப் பிறக்க வேண்டியது இல்லை.

மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் லீவு உண்டு. அந்த லீவைச் சொந்தக்காரர்களுக்கு மிட்டாய் கொடுப்பதற்கும், பெயர் வைக்கும் விழாவுக்கும் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். அது குழந்தையைத் தூக்குவதற்காகக் கொடுத்த லீவு!

வேலைக்குப் போகும் தாய்

1961-ல் வந்த சட்டம், வேலைக்குப் போகும் தாய்க்கு 12 வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. 2017-ல் அதை 26 வாரம் ஆக்கினார்கள். வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுப்பதற்குத் தினம் இரண்டு இடைவேளை உண்டு என்றும் சட்டத்தில் எழுதினார்கள்.

நல்ல சட்டம். ஆனால் அது கம்பெனிக்கும் ஆபீசுக்கும். நாற்று நடுபவளுக்கு? செங்கல் சுமப்பவளுக்கு? நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவளுக்கு? அவர்களுக்கு லீவு எழுதிக் கொடுக்க மானேஜர் இல்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை.

அவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப் பணம் காலத்தில் கைக்கு வர வேண்டும். குழந்தை பிறந்து ஓர் ஆண்டு கழித்து வருகிற பணத்தால் பிரசவ உடம்பு தேறாது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் ஒன்று செய்யலாம். பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து, "உன் வேலை உனக்கே இருக்கிறது, உடம்பைப் பார்த்துக் கொண்டு வா" என்று சொல்லலாம். சட்டம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை.

மாற வேண்டியதும் உண்டு

தாய் ஆன பிறகு எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சில பழக்கம் மாறத்தான் வேண்டும்.

நீண்ட நகம் வேண்டாம், குழந்தையைக் கீறும். குழந்தைக்குப் பக்கத்தில் பவுடரைக் கொட்டிப் பூச வேண்டாம். அந்தத் தூள் மூச்சில் போகும். குத்துகிற ஊக்கும் கூர்மையான வளையலும் வேண்டாம். இவற்றைத் தாய் தானாகவே விடுகிறாள். மகிழ்ச்சியோடு விடுகிறாள்.

ஆனால் சோறு, தண்ணீர், குளியல், தூக்கம், மருந்து ஆகிய ஐந்தும் அலங்காரம் அல்ல. இவற்றை விட்டுக் கொடுப்பதைத் தியாகம் என்று சொல்லிப் பாராட்டக் கூடாது. உடம்பு கெட்ட தாயால் குழந்தைக்கு என்ன லாபம்?

தாய்மாரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். "என்னைத் தவிர யார் பார்த்தாலும் குழந்தை இருக்காது" என்று சிலர் பெருமையாகச் சொல்லுகிறார்கள். மாமியார் கையை நீட்டினால் கொடுப்பது இல்லை. புருஷன் துணி மாற்றினால், "உங்களுக்குத் தெரியாது" என்று பிடுங்கிக் கொள்ளுகிறார்கள். அவர் இரண்டு தடவை தப்பாகத்தான் மாற்றுவார். மூன்றாம் தடவை சரியாக மாற்றுவார். விட்டால்தானே பழகும்!

என்ன செய்யலாம்?

பணம் இல்லாத வீட்டிலும் செய்யக் கூடியவை உண்டு.

ஒன்று: தினம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அரை மணி நேரம் குழந்தையை வேறு ஒருவர் வைத்துக் கொள்ள வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்று சொல்லக் கூடாது. அது கிடைக்கவே கிடைக்காது. அந்த அரை மணியில் தாய் கதவைச் சாத்திக் கொண்டு குளிக்கட்டும்.

இரண்டு: முதல் தட்டு தாய்க்கு. வீட்டில் சமையல் ஆனதும் முதலில் அவள் சாப்பிட வேண்டும். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை குழந்தை வேறு கையில் இருக்கட்டும்.

மூன்று: இரவில் பால் கொடுத்தவள் பகலில் ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும். அந்த நேரத்தில் விருந்தாளி வந்தால் எழுப்பக் கூடாது. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

நான்கு: குழந்தைக்கு 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம் தடுப்பூசி போடப் போகிறீர்கள் அல்லவா? அதே நாளில் தாயையும் டாக்டரிடமோ நர்சிடமோ காட்டுங்கள். இரத்தம் எவ்வளவு இருக்கிறது, தையல் ஆறிவிட்டதா, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். தனியாக ஒரு பஸ் செலவு வேண்டாம்!

ஐந்து: சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனையும்படி உதிரம் போவது, குளிர் காய்ச்சல், கெட்ட நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தாங்க முடியாத தலைவலி, மூச்சுத் திணறல், வலிப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

குடும்பத்தின் கடன்

குழந்தை ஒரு வீட்டின் சொத்து என்கிறோம். தாத்தா பெயர் வைக்கிறோம். "எங்கள் வம்சம்" என்று பெருமைப்படுகிறோம். பெருமையில் எல்லாருக்கும் பங்கு. கண் விழிப்பதில் மட்டும் ஒருத்திக்கே முழுப் பங்கு. இது என்ன நியாயம்?

தாய் கேட்க மாட்டாள். கேட்டால் "நல்ல தாய் அல்ல" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். ஆகையால் கேட்கும் முன்பே கொடுக்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் இல்லை. கடை இல்லை. கைக்குழந்தை உள்ள வீடாக இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வையுங்கள். எழுந்து போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக் கொள்ளுங்கள்.

"நீ போய் நிதானமாகக் குளித்துவிட்டு வா" என்று சொல்லுங்கள்.